மூவாயிரம் வெள்ளியில் வீட்டுத் திரையரங்கு: பணத்தை எதில் போடுவது?

கேள்வி, 2 மார்ச் 2024

"அண்ணா, கோலாலம்பூர் செத்தாபாக்கில் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. வரவேற்பறை மூன்றரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். 55 அங்குலத் தொலைக்காட்சி. கையில் 3,000 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஒரு கடையில் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே பெட்டியில், 1,000 வாட், 1,299 வெள்ளி என்கிறார்கள். தனித்தனியாக வாங்கினால், ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவருக்கே பாதிப் பணம் போய்விடும். சப்வூஃபர் பெரிதாக இருந்தால்தான் திரையரங்கு போல இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மாவோ, சண்டை வந்தால் காது கிழிகிறது, பேசினால் ஒன்றும் புரியவில்லை என்கிறார். எதை வாங்கட்டும்?"

2 மார்ச், இரவு

தம்பி, நண்பர்கள் சொன்னதை ஒரு பக்கம் வையுங்கள். அம்மா சொன்னதுதான் கேள்வி. திரையில் பேசுகிறவர் என்ன பேசுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும்; இடியும் வெடியும் அதற்குப் பிறகுதான். 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள அமைப்பில், வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஆகவே பணத்தை முன்வரிசை மூன்றிலும் (இடம், நடு, வலம்) போடுங்கள், நடு ஸ்பீக்கருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பின்னால் வைக்கும் இரண்டும் அடுத்த ஆண்டு வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

1,000 வாட் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவரை அந்தப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள்.

3 மார்ச்

இந்த வாட் கணக்கில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. பெட்டியின் மேல் 1,000 என்று அச்சடித்திருப்பார்கள். திருப்பிப் போட்டுப் பின்புறத் தகட்டைப் படியுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அங்கே இருக்கும். 100 அல்லது 150 வாட் எடுக்கும் கருவி 1,000 வாட்டைத் தொடர்ந்து எங்கிருந்து கொடுக்கும்? ஒரே ஓர் அதிர்வெண்ணில், பத்து விழுக்காடு ஒலிச் சிதைவோடு, ஒவ்வொரு சேனலாக (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப் பாதை) அளந்து, எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் எண் அது.

நேர்மையான எண் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். யமாஹா ஆர்எக்ஸ்-வி385 என்ற 5.1 ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கும் ஒலி முழுவதும்), இரண்டு சேனல் இயங்கும்போது சேனலுக்கு 70 வாட், சிதைவு 0.09 விழுக்காடு. எண் சிறியது, ஆனால் நம்பலாம்.

70 வாட் போதுமா என்று கேட்பீர்கள். உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் (ஒலியளவின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், மூடிய அறையில் ஏறக்குறைய 80 கிடைக்கும். சாதாரணமாகப் பேசும் குரல் 60 முதல் 65 வரைதான். ஒரு வாட்டிலேயே அதைத் தாண்டிவிட்டோம். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே என்பதால், 70 வாட்டும் 100 வாட்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வேறுபாட்டுக்காக 600 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது வீண்.

6 மார்ச்

ரிசீவர் பற்றிச் சுருக்கமாக. ஏழு சேனல், ஒன்பது சேனல் எல்லாம் மூன்றரை மீட்டர் அறைக்கு வேண்டாம். படமும் ஒலியும் ஒரே கம்பியில் போகும் எச்டிஎம்ஐ துளைகள் நான்கு, தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பியில் திருப்பி வாங்கும் ஏஆர்சி வசதி, சப்வூஃபருக்கு ஒரு வெளியீடு, அறையை மைக்கால் அளந்து சரிசெய்யும் ஏற்பாடு. யமாஹாவில் அதற்கு ஒய்பிஏஓ என்று பெயர், டெனானில் ஆடிஸி. இவை இருந்தால் மூன்று நான்கு ஆண்டு பழைய ரிசீவரும் போதும். ஏஆர்சி 2009-இலேயே எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்துவிட்ட வசதி. நான் என்னுடையதை ஒருவர் வீட்டிலிருந்து 650 வெள்ளிக்கு வாங்கினேன். மைக்கும் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது தொலைந்திருந்தால் பாதிப் பயன் போய்விடும்.

9 மார்ச்

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீள ஒலிப்பெட்டியான சவுண்ட்பார் போதாதா என்று கேட்கிறார். அக்கா, வாடகை வீடு, கம்பி இழுக்க முடியாது, தொல்லை வேண்டாம் என்றால் அதுவே நல்லது. நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள 3.1 வகையாகப் பாருங்கள். ஆனால் சவுண்ட்பாரில் ஒரு பகுதி பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாகிறது. தனித்தனியாக வாங்கிய ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும், நடுவில் ரிசீவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

10 மார்ச்

இன்று காலை பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் பழம்பொருள் சந்தைக்குப் போய்விட்டு, மதியம் கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் வந்தேன். ஜாலான் பாசாரில் கம்பி வாங்குங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உங்கள் அறைக்குத் தாராளம். முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாக இருக்கக்கூடும். விலை சரிபாதி என்றால் மட்டும் எடுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃபோம் வளையம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். நான் 2019-இல் ஒரு கடையில் 400 வெள்ளி கொடுத்து ஒரு பத்து அங்குல சப்வூஃபர் வாங்கினேன். முன்னால் துணி மூடியிருந்தது, கழற்றிக் காட்டச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் கரகரவென்றது. துணியை எடுத்தால் வளையம் தூளாகிக் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. துணியைக் கழற்றாத ஸ்பீக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரப்பர் வளையத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெடிப்பில்லாமல் மீண்டு வந்தால் நல்லது.

11 மார்ச்

ஜப்பானியப் பழம்பொருள் கடைகளில் 250 வெள்ளிக்கு அழகான ரிசீவர் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பின்புறம் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள். என் மைத்துனர் செருகினார். ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். நல்ல மின்மாற்றி ஒன்று தனியாக வேண்டும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று: ஜப்பானுக்கென்று செய்த பழைய ரிசீவர்களில் பண்பலை வானொலி பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். கோலாலம்பூரில் தமிழ் வானொலியான மின்னல் பண்பலை 96.3-இல் இருக்கிறது. காலையில் மின்னல் கேட்காத ரிசீவர் எங்கள் வீட்டுக்குள் வர முடியாது, அம்மா விட மாட்டார்.

24 மார்ச்

சப்வூஃபர். நண்பர்கள் சொன்னதைத் தள்ளிவைக்கச் சொன்னேன், ஆனால் சப்வூஃபரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய ஸ்பீக்கரிடமிருந்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுமையை இறக்கிவிட்டால் அது குரலைத் தெளிவாகக் கொடுக்கும். அந்தச் சுமையைத் தாங்கத்தான் சப்வூஃபர். எட்டு அங்குலம் போதும். பன்னிரண்டு அங்குலம் ஒன்பதாவது மாடிக்கு எதற்கு? எட்டாவது மாடியிலும் ஒரு குடும்பம் இருக்கிறது.

எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஐந்து மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸிலும், மூன்றரை மீட்டர் அகலத்தில் 50 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே முழங்கும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் வருகிற எண் அது. அந்த ஒலிகள் சுவரோரம் குமுறும், அறையின் நடுவில் காணாமல் போகும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பாஸ் (தாழ்ந்த ஒலி) ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். தவில் நன்றாகப் பதிவான கச்சேரி இருந்தால் இன்னும் நல்லது. பிறகு சுவரோரமாக முழங்காலில் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபரின் இடம். எங்கள் வீட்டில் அது தொலைக்காட்சிப் பக்கமே இல்லை, சாமி அறைக் கதவுக்கு அருகில் அமைந்தது. என் மகள் கூடவே தவழ்ந்து வந்து, எனக்கு முன்னால் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள்.

24 மார்ச், சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. இரவில் ஒலியைக் குறைத்தால் பாஸ் முதலில் மறைந்துவிடும். அது சப்வூஃபரின் குறை அல்ல, நம் காது அப்படி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். இது தெரியாமல் இரவில் சப்வூஃபரைத் திருகி ஏற்றிவிட்டு, மறுநாள் பகலில் அப்படியே பெரிய ஒலியில் படம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். சில டெனான் ரிசீவர்களில் இதற்கென்றே டைனமிக் ஈக்யூ இருக்கிறது. ஒலியளவுக்கு ஏற்ப அதுவே சரிசெய்யும்.

7 ஏப்ரல்

மூன்று நாளாக என் சப்வூஃபரில் ஓயாமல் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். கம்பியை மாற்றினேன், போகவில்லை. ரிசீவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் வரும் தட்டுக் கம்பியை எடுத்தவுடன் அடங்கிவிட்டது. கூரையில் உள்ள தட்டுக்கு ஒரு நில இணைப்பு, சுவர்ச் செருகியில் இன்னொரு நில இணைப்பு. இரண்டுக்கும் நடுவில் சிறு மின்னோட்டம் ஓடி இரைச்சலாகிறது. சப்வூஃபர், ரிசீவர், ஆஸ்ட்ரோ பெட்டி மூன்றையும் ஒரே சுவர்ச் செருகியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன், முக்கால்வாசி குறைந்துவிட்டது. மீதிக்குக் கம்பியில் பொருத்தும் தடுப்பான் கிடைக்கும். ஆனால் சாதாரண ஆண்டெனாத் தடுப்பான் தட்டுக்குப் போகும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும், படம் வராது. செயற்கைக்கோள் தட்டுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்க வேண்டும்.

செருகியின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். உயிரோடு விளையாடும் வேலை அது. செய்யவே செய்யாதீர்கள்.

28 ஏப்ரல்

மார்ச் 2 அன்று எழுதியதை இன்று திருத்த வேண்டியிருக்கிறது. நடு ஸ்பீக்கருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள் என்று எழுதினேன். நானும் அப்படித்தான் 600 வெள்ளிக்கு, படுக்கை வாக்கில் நீளமாக, இரண்டு பக்கமும் கூம்பும் நடுவில் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரும் உள்ள நடு ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன். நேர் எதிரில் உட்கார்ந்தால் அருமை. ஆனால் எங்கள் அம்மா நேர் எதிரில் உட்காருவதில்லை. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலிதான் அவருடைய இடம், முப்பது ஆண்டாக. நேற்று மாலை அவர், "இப்போதும் பாதிதான் புரிகிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். உண்மைதான். குரலின் உடல் பகுதி மெலிந்து, பஞ்சு வைத்து அடைத்தது போல இருக்கிறது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கூம்புகள் இரண்டும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நாற்காலி 30 பாகை பக்கவாட்டில். ஆகவே ஒரு கூம்பின் ஒலி மற்றதைவிட 15 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வருகிறது. 15 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 1,150 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மனிதக் குரலின் நட்டநடுவில் விழுகிற ஓட்டை அது. ஸ்பீக்கரில் பழுது இல்லை, படுக்க வைத்த அமைப்பில்தான் கோளாறு.

ஆகவே என் புதிய யோசனை: முன்வரிசைக்கு ஒரே மாதிரியான மூன்று சிறு ஸ்பீக்கர்கள், மூன்றும் நின்ற வாக்கில். ஒற்றையாகத் தர மாட்டார்கள் என்றால் இரண்டு ஜோடி வாங்கி, நான்காவதை எடுத்து வையுங்கள். தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டினால் கீழே 35 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும்.

29 ஏப்ரல்

"அம்மாவை நடுவில் உட்காரச் சொன்னால் தீர்ந்ததே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். முப்பது ஆண்டு நாற்காலி, ஜன்னல் காற்று, தெருவில் போகிறவர்களின் முகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஸ்பீக்கரை மாற்றுவதுதான் சுலபம்.

5 மே

மாற்றிவிட்டேன். நீள ஸ்பீக்கரைத் தம்பி ஒருவர் 450-க்கு எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் ஒரே ஒரு சோபா, நேர் எதிரில், அவருக்குப் பொருந்தும். புதிதாக வைத்த சிறு ஸ்பீக்கரை மேசையின் உட்புறம் தள்ளாமல் விளிம்புவரை இழுத்து, அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து முகத்தைக் காது உயரத்துக்குத் தூக்கினேன். உட்புறம் தள்ளினால் மேசையின் பலகையில் பட்டுக் குரல் கலங்கும். இதற்கு ஆன செலவு இரண்டு ரப்பர் துண்டு.

12 மே

ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இவ்வளவு பேசிவிட்டு மின்விசிறியை மறந்தேன். நான்காம் எண்ணில் சுற்றும் கூரை விசிறியின் இரைச்சல், த, ப, ச போன்ற எழுத்துகளின் மெல்லிய ஓசையை விழுங்கிவிடுகிறது. இரண்டாம் எண்ணுக்கு இறக்கினேன், அம்மா, "என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

அடுத்து தரை. நம் வீடுகளில் எல்லாம் வழவழப்பான டைல்ஸ், கண்ணாடிக் கதவு, சிமெண்டுச் சுவர். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். சர்ரென்று நடுக்கத்தோடு திரும்பி வந்தால், எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் வசனம் கலங்கத்தான் செய்யும். தொலைக்காட்சிக்கும் நாற்காலிக்கும் நடுவில் தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை. இரண்டுக்கும் சேர்த்து 280 வெள்ளி செலவழித்தேன். ரிசீவருக்குக் கூடுதலாக 600 கொடுத்தாலும் இந்த மாற்றம் வராது. கம்பளத்தை முதலில் வாங்குங்கள் என்று மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

2 ஜூன்

மாலை மழை தொடங்கிவிட்டது. இடி கேட்டால் செருகியைக் கழற்றுங்கள். கூடவே ஆஸ்ட்ரோ தட்டின் கம்பியையும். மின்னல் அந்த வழியாகவும் வரும். போன ஆண்டு எங்கள் வரிசையில் மூன்று வீட்டு எச்டிஎம்ஐ துளைகள் ஒரே மாலையில் போயின.

17 ஆகஸ்ட்

செத்தாபாக் தம்பி வாங்கிவிட்டார். பழைய ரிசீவர் 700, சிறு ஸ்பீக்கர் இரண்டு ஜோடி 1,300, எட்டு அங்குல சப்வூஃபர் 620, கம்பியும் மற்றதும் 90, கம்பளம் 180. மொத்தம் 2,890. நேற்று அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். மைக் வைத்து அளந்த பிறகும் குரல் தொலைவில் எங்கோ கேட்டது. மூன்று காரணங்கள் அகப்பட்டன.

தொலைக்காட்சியின் ஒலி அமைப்பு பிசிஎம்மில் இருந்தது. அதனால் ரிசீவருக்கு இரண்டு சேனல்தான் போய்க்கொண்டிருந்தது, நடு ஸ்பீக்கருக்குத் தனிக் குரல் போகவே இல்லை. எல்லாச் சேனலையும் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினோம். இரண்டாவது, தானாக அளந்த ரிசீவர் அந்தச் சிறு ஸ்பீக்கர்களைப் 'பெரியவை' என்று குறித்துக்கொண்டு, பாஸ் முழுவதையும் அவற்றுக்கே அனுப்பியிருந்தது. 'சிறியவை' என்று மாற்றி 80 ஹெர்ட்ஸில் பிரித்தோம். இது அடிக்கடி நடக்கும், அளவை முடிந்ததும் கையால் சரிபாருங்கள். மூன்றாவது, இடப்பக்க ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. அப்படி மாறினால் இரண்டு சேனல் பாட்டில் பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துவிடுவார்.

பிறகு நடு ஸ்பீக்கரை 2 டெசிபல் ஏற்றி, இரவுக்கென்று ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் அமைப்பையும் போட்டுக் காட்டினேன். அவருடைய அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, திரையில் யார் யாரைத் திட்டுகிறார் என்று சரியாகச் சொன்னார். தேநீரும் முறுக்கும் வந்தன.

3 நவம்பர்

தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். பின்பக்க ஸ்பீக்கர் எப்போது என்று எல்லோரும் கேட்டார்கள். இரவல் வாங்கிய ஒரு ஜோடியைக் காதுக்குச் சற்றுப் பின்னால், திரையின் நேர்கோட்டிலிருந்து 110 பாகையில், இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். மழைக் காட்சியில் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இடப்பக்க ஸ்பீக்கர் அம்மாவின் நாற்காலிக்கு அரை மீட்டரில் அமைந்துவிட்டது. பின்னாலிருந்து வரும் மழையில் முன்னால் பேசும் குரல் மீண்டும் அவருக்கு மங்கியது. நேற்று கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுக்குமாடியில் இருக்கிற தம்பி, உங்கள் நான்காவது ஸ்பீக்கருக்கு இணை தேட வேண்டாம். என் வீட்டிலும் ஒன்று சும்மா இருக்கிறது, இரண்டும் ஒரே வகை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். முதலில் உங்கள் அம்மா எங்கே உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு வைப்போம்.